வைரல் ஆக்கக் கற்றுத் தருகிறோம் என்கிறார்கள், 85,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு. கல்லூரியை நிறுத்திவிட்டு, வீடியோக்களை வைரல் ஆக்கும் மார்க்கெட்டிங் படிக்கப் போகிறேன் என்கிறான். ஆறு மாதப் பயிற்சிக்கு 85,000 ரூபாய் கேட்கிறார்கள். வேலை நிச்சயம் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஐயா, பணத்தை இப்போது கட்ட வேண்டாம். கல்லூரியை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் தம்பியின் ஆசையை விளையாட்டுப்புத்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் கேட்பது உண்மையிலேயே இருக்கிற வேலை. அந்தப் பயிற்சி மையம் அதைத்தான் கற்றுத் தருகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஒரு வீடியோ வைரல் ஆகும் என்று யாராலும் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். காசு கட்டி விளம்பரமாக ஓட்டி எண்ணைக் காட்டுவார்கள். அது தப்பில்லை, வெறும் விளம்பரச் செலவு. இல்லையென்றால் போலிக் கணக்குகளை வைத்து எண்ணை ஏற்றுவார்கள். யூடியூப் அதைக் கண்டுபிடித்தால் எண்ணைக் கழித்துவிடும், சில நேரம் சேனலையே தூக்கிவிடும்.

அவர்கள் விளம்பரப் பலகையில் 'பத்து லட்சம் வியூஸ்' என்று இருந்தால் மயங்க வேண்டாம். 2025 மார்ச் 31 முதல், யூடியூப் ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோ ஓட ஆரம்பித்ததுமே ஒரு வியூ விழுந்துவிடும். பார்ப்பவர் அடுத்த நொடியே விரலால் தள்ளிவிட்டாலும் அது கணக்குதான். வருமானப் பங்குக்கு யூடியூப் எடுத்துக்கொள்வது 'எங்கேஜ்டு வியூஸ்' என்ற வேறொரு எண்ணை, அதாவது தள்ளிவிடாமல் நின்று பார்த்த எண்ணிக்கையை. அந்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், அப்போது அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

சரி, உண்மையான வேலை எது? ஓடிக்கொண்டிருக்கும் விரலை நிற்க வைப்பது, நின்றவரைத் தங்க வைப்பது, தங்கியவரை இன்னொருவருக்கு அனுப்ப வைப்பது. இதில் ஒவ்வொன்றையும் அளக்க முடியும். அளந்து பார்த்து அடுத்த வீடியோவைத் திருத்துபவருக்குத்தான் கம்பெனிகள் சம்பளம் கொடுக்கின்றன.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவன், மாமாவின் செக்கு எண்ணெய்க் கடைக்கு வீடியோ எடுத்திருந்தான். தொடக்கத்திலேயே ட்ரோன் காட்சி, சுழலும் லோகோ, பின்னணி இசை என்று ஒரே அமர்க்களம். சேனல் வைத்திருப்பவர் கணக்குப் பார்க்கும் யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில், எந்த நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று கோடாகக் காட்டும் ரிடென்ஷன் கிராஃபைத் திறந்தால், அந்த லோகோ சுழன்று முடிவதற்குள் பாதிப் பேர் போயிருந்தார்கள். அப்புறம் கோடு இறங்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் மட்டும் சின்ன மேடு தெரிந்தது. செக்கிலிருந்து எண்ணெய் முதல் தாரையாக வடியும் காட்சி அது. பார்த்தவர்கள் பின்னால் தள்ளி மறுபடி பார்த்திருக்கிறார்கள். அடுத்த வீடியோவை அந்தத் தாரையிலிருந்தே தொடங்கினான், லோகோவை எடுத்துவிட்டான். அது வைரல் ஆகவில்லை. ஆனால் இரண்டு கிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே ஆட்கள் போனார்கள், எதை மாற்றினேன், பிறகு என்ன ஆனது என்று விளக்கித்தான் கோவையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் வேலை வாங்கினான். சான்றிதழை அங்கே யாரும் கேட்கவே இல்லையாம்.

உங்கள் மகனுக்கு ஆய்வுக்கூடம் உங்கள் கடையிலேயே இருக்கிறது. பக்கத்து நாச்சியார்கோவிலில் வார்க்கும் குத்துவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 'எங்களிடம் எல்லா அளவிலும் விளக்குகள் கிடைக்கும்' என்று வீடியோ போட்டால் உங்கள் மச்சான்கூட முழுதாகப் பார்க்க மாட்டார். அதே விளக்கைத் துண்டு துண்டாகத் திருகிக் கழற்றி, கறுத்துப்போன பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று மறுபடி பூட்டிக் காட்டட்டும். முதல் நொடியில் பாதி கறுப்பு, பாதி மின்னல். கார்த்திகைக்கு ஒரு வாரம் முன்னால் இதைப் போட்டால், யாராவது ஒரு பெரியம்மா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நிச்சயம் போடுவார்.

அந்தப் பெரியம்மாவை லேசாக நினைக்காதீர்கள். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில் வெளிப்படையாகவே சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை லைக், எத்தனை பேர் மற்றவருக்கு அனுப்புகிறார்கள், இந்த மூன்றும்தான் முக்கியம். உங்களைப் பின்தொடராத புது ஆட்களிடம் போய்ச் சேர, அனுப்புவதற்கு லைக்கைவிட எடை அதிகம். எனவே தம்பி ஒவ்வொரு வீடியோவுக்கும் முன்னால் 'இதை யார், யாருக்கு அனுப்புவார்கள்?' என்று ஒரு வரி எழுதட்டும். பதில் வரவில்லை என்றால் அந்த வீடியோவை எடுக்க வேண்டாம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றை அவரே உங்களிடம் சொல்லக்கூடும். அமெரிக்காவில் 2012இல் டாலர் ஷேவ் கிளப் என்ற ரேஸர் கம்பெனி, சுமார் 4,500 டாலர் செலவில் ஒரு வேடிக்கை வீடியோ போட்டது. இரண்டு நாளில் 12,000 ஆர்டர், இணையதளமே படுத்துவிட்டது. 2016இல் யூனிலீவர் அந்தக் கம்பெனியை வாங்கியது. எல்லாரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதில் நடித்த நிறுவனர் மைக்கேல் டூபின் அதற்கு முன் மார்க்கெட்டிங்கில் வேலை பார்த்தவர், பல ஆண்டுகள் மேடை நகைச்சுவை பழகியவர். மாதம் ஒரு டாலருக்கு ரேஸர் என்ற சரக்கும் கையில் தயாராக இருந்தது. வீடியோ ஆளைக் கூட்டி வந்தது, விலைதான் வாங்க வைத்தது.

நம் பக்கத்தில் பார்த்தால் புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் வில்லேஜ் குக்கிங் சேனல். ராகுல் காந்தி 2021 ஜனவரியில் வந்து சாப்பிட்டதால்தான் பெரிதானது என்று பலர் நினைக்கிறார்கள். 2018இலிருந்தே விடாமல் சமைத்துக்கொண்டிருந்தார்கள்; அவர் வந்தபோதே பல லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். அதே ஆண்டு ஒரு கோடியைத் தொட்டார்கள், தமிழ் யூடியூபில் முதன்முதலாக.

பி.காம். வீண் என்று தம்பி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தொழிலில் கேமரா தெரிந்தவர்கள் ஏராளம், கணக்கு தெரிந்தவர்கள் குறைவு. ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர எவ்வளவு விளம்பரச் செலவு, அவரால் எவ்வளவு லாபம் என்று போட்டுப் பார்க்கத் தெரிந்தால் ஏஜென்சியில் சீக்கிரம் மேலே வரலாம். வரிக் கணக்கும் அப்படித்தான். கம்பெனி ஒன்று விளம்பரத்துக்காகக் கொடுத்த போனை வைத்துக்கொண்டால், இப்படி வருவதன் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போகும்போது 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. 2022 ஜூலையிலிருந்து இருக்கும் விதி இது. இன்ஃப்ளூயன்சர்களில் பாதிப் பேருக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரியும் என்று நினைக்கிறேன். காசு வாங்கிப் பேசினால் விளம்பரம் என்று பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதிதான்.

டிகிரி முடித்த பிறகு ஆர்வம் குறையாமல் இருந்தால் அகமதாபாத்தில் மார்க்கெட்டிங், விளம்பரம் சொல்லித்தரும் மைகா என்ற கல்வி நிறுவனம் இருக்கிறது, மைகேட் என்ற தனி நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். கட்டணம் அதிகம், யோசித்துத்தான் போக வேண்டும். அதுவரை கூகுள் ஸ்கில்ஷாப்பில் விளம்பரப் பாடங்களை இலவசமாகப் படித்துத் தேர்வும் எழுதலாம். கல்லூரியில் 'நான் முதல்வன்' திட்டத்தில் எந்தப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

85,000 ரூபாயில் ஒரு பத்தாயிரத்தை மட்டும் தம்பியிடம் கொடுங்கள். ஒரு மைக், ஒரு ட்ரைபாட், மீதி சின்ன விளம்பரச் சோதனைகளுக்கு. செமஸ்டர் முடியும்வரை வாரம் ஒரு வீடியோ உங்கள் கடைக்கு. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட வேண்டாம், காப்புரிமைச் சிக்கல் வரும். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு அந்த வாரத்து கிராஃபை அவர் உங்களுக்கு விளக்க வேண்டும். நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள்.

பயிற்சி மையத்துக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் ரசீதையும், 'வேலை நிச்சயம்' என்று அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் பத்திரமாக வையுங்கள். எழுத்தில் கேட்டும் திருப்பித் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.