பாலிப் எடுத்தாச்சு, பயாப்சி ரிசல்ட் பயம்: என் பதில்

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து, இப்போது கொலனோஸ்கோபியில் (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) இரண்டு பாலிப் எடுத்திருக்கிறார்கள், பழையதுதான் குடலுக்குப் பரவிவிட்டதோ என்று தூக்கமே இல்லை என எழுதியிருந்தீர்கள். ஒருமுறை அந்த நோயைப் பார்த்தவர்களுக்கு எந்த ரிப்போர்ட் என்றாலும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனால் பாலிப் என்பது பெருங்குடலின் உட்சுவரில் அங்கேயே முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி, பொதுவாக மார்பகத்திலிருந்து வந்தது இல்லை. 50 வயதைத் தாண்டிய நிறையப் பேருக்கு இருக்கிறது, பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதே இல்லை. அடினோமா என்ற ஒரு வகை மட்டும் புற்றுநோயாக மாறலாம், அதற்கும் பொதுவாகப் பல வருடங்கள், 10 வருடம் போல ஆகும், உங்களுக்கோ எடுத்தே விட்டார்கள்.

பயாப்சி (எடுத்த சதையை ஆய்வகத்தில் சோதிப்பது) ரிசல்ட் வந்ததும் "ஒண்ணுமில்லை" என்ற வாய்வார்த்தையோடு விடாமல் நகலைக் கையில் வாங்குங்கள். ஹைப்பர்பிளாஸ்டிக்கா (பொதுவாகப் புற்றுநோயாக மாறாத வகை) அடினோமாவா, 10 மி.மீ.க்குக் கீழா என்று பாருங்கள், அடுத்த கொலனோஸ்கோபி எப்போது என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான். 'லோ கிரேடு டிஸ்பிளேசியா' (செல்களில் லேசான மாற்றம்) என்று போட்டிருந்தால் பதறவேண்டாம், எல்லா அடினோமாவிலும் குறைந்தபட்சம் அது இருக்கும்.

அப்புறம், வீட்டில் வேறு யாருக்காவது இளவயதில் குடல், கருப்பை, மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றி உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள், கொலனோஸ்கோபி ரிப்போர்ட்டையும் அவரிடம் காட்டுங்கள்.

பாலிப் எடுத்து இரண்டு வாரம் வரைகூட ரத்தம் கசியலாம். நிறையப் போனாலோ, வயிற்றுவலி கடுமையாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.