நகராட்சிக்கும் உடல்நலத்துக்கும் என்ன சம்பந்தம்? வாசகர் கேள்விகள்

ஆஸ்பத்திரி மாநில அரசுடையது. ஏழை, பணக்காரர் இடையே உடல்நலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைக் குறைக்க நகராட்சியால் என்ன செய்ய முடியும்? (ஊட்டி)

நோய் வந்த பிறகுதானே ஆஸ்பத்திரி. அதற்கு முன் குடித்த தண்ணீர், தாண்டிய சாக்கடை, ஏறிய படிக்கட்டு எல்லாம் நகராட்சி கணக்கில்தான் வருகின்றன. ஊட்டியில் 2025-ல் 700 படுக்கை மருத்துவமனை திறந்தாகிவிட்டது, நல்லது. ஆனால் சரிவில் குடியிருக்கும் கர்ப்பிணி, ஆம்புலன்ஸ் நிற்கும் ரோட்டுக்கு வரவே நூறு படி ஏற வேண்டியிருக்கிறதே! அந்தப் படிகளுக்குக் கைப்பிடியும் விளக்கும் போடுவது மன்றத்தின் கையில்தான் இருக்கிறது. நிதியை எல்லா வார்டுக்கும் சமமாகப் பிரிப்பதே நியாயம் என்று பல கவுன்சிலர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அப்படிப் பிரித்தால் குழாய் உள்ள வார்டில் அலங்கார விளக்கு வரும், குழாய் இல்லாத வார்டில் பாதிக் குழாய் வரும்.

சீசனில் எங்கள் மேட்டுத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. லாரித் தண்ணீர் வாங்குகிறோம். பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. (கொடைக்கானல்)

காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில் யாரும் தாராளமாகக் கை கழுவ மாட்டார்கள். டிரம்மில் நாள்கணக்கில் நிற்கும் தண்ணீரில் செம்பு விட்டு மொண்டால் கிருமி சேரும். 2011 கணக்கெடுப்பில் 36,501 பேர் இருந்த ஊர் அது. சீசன் கூட்டமும் அதே தண்ணீரைத்தான் பங்கு போடுகிறது. மேட்டுத் தெருக்களுக்கு முதலில் தண்ணீர் திறப்பது, திறக்கும் நேரத்தைத் தெருவில் எழுதி ஒட்டுவது, லாரித் தண்ணீரில் குளோரின் சோதனை: இவற்றை நகராட்சியிடம் கேளுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

பணியர் பழங்குடியினர் குடியிருப்பில் சிக்கில் செல் ரத்தசோகை (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, கடும் வலியைக் கொடுக்கும் நோய்) உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள். இது பரம்பரை நோய்தானே, நகராட்சி என்ன செய்யும்? (கூடலூர்)

இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், 1952-ல். தாய், தகப்பன் இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆனால் வலியைக் கிளப்பிவிடுவதில் குளிருக்கும், உடலில் நீர் குறைவதற்கும் பெரிய பங்கு உண்டு. ஆகவே ஒழுகாத கூரையும் வாசலில் குழாயும் இந்தக் குழந்தைகளுக்கு வைத்தியத்தோடு சேர்ந்தவை. அப்புறம், ரத்தப் பரிசோதனை முகாமைச் சாயங்காலம் குடியிருப்பிலேயே நடத்தச் சொல்லுங்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு வா என்றால் நான்கூடப் போகமாட்டேன்.

இதையெல்லாம் எங்கே சொல்வது? (குன்னூர்)

பகுதி சபாவில், அதாவது வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதியின் தேவைகளைச் சொல்லும் கூட்டத்தில். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்திலிருந்து நடக்கிறது. ‘சுகாதார வசதி வேண்டும்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தப் படிக்கட்டு, எத்தனை வீடு, கைப்பிடிக் கம்பி எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள். போட்டோ வைத்தால் இன்னும் நல்லது. மழை நாளில் எடுத்ததாக இருக்கட்டும்.