வீடியோ கேம் விமர்சனங்கள் ஏன் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றன என்று பாம்பனிலிருந்து கேட்கிறீர்கள்.

அவசரம்தான் முதல் காரணம். பல கேம் நிறுவனங்கள் வெளியீட்டுக்கு முன்பே விமர்சகர்களுக்கு விளையாட்டின் பிரதியைத் தந்து, விமர்சனம் எப்போது வரலாம் என்பதையும் முடிவு செய்கின்றன. நீண்ட விளையாட்டை அரக்கப்பரக்க முடித்தவருக்குக் கைகொடுப்பது பழைய வாய்பாடு: கதை, கிராபிக்ஸ், ஒலி, மதிப்பெண். விமர்சனங்களைத் திரட்டும் இணையதளமாக 2001-இல் வந்த மெட்டாகிரிட்டிக் மதிப்பெண்களைச் சராசரியாக்கியதும், எழுத்து எண்ணுக்கு வாலாகிவிட்டது.

உங்களுடையது கடலோர ஊர், ஆகவே கடற்கொள்ளையராகக் கப்பலோட்டும் 'சீ ஆஃப் தீவ்ஸ்' (2018) விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். விமர்சனத்தில் "தத்ரூபமான கடல்" என்று எழுதினால் உங்கள் ஊரில் சிரிப்பார்கள். அதில் காற்றின் திசை பார்த்துப் பாயைத் திருப்பாவிட்டால் கப்பல் மந்தமாகிவிடும். வாடைக்காற்றும் கச்சான் காற்றும் அறிந்தவர்களுக்கு அந்த ஒரு தகவல் போதும். "இந்த வகை ரசிகர்களுக்குப் பிடிக்கும்" என்ற வரியோ யாருக்கும் எதையும் சொல்வதில்லை.