கவலைப்பட்டால் கரு தங்காமல் போய்விடுமா?

ஐவிஎஃப் எனும் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் கருவைக் கருப்பையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் நீங்கள், "கவலைப்பட்டால் கரு தங்காது" என்று உறவினர் சொல்வது உண்மையா எனக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. 14 ஆய்வுகளில் பங்கேற்ற 3,583 பெண்களின் தரவுகளைத் தொகுத்து, 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான பகுப்பாய்வு, சிகிச்சைக்கு முந்தைய மன உளைச்சலுக்கும் அந்தச் சுற்றில் கருத்தரிப்பதற்கும் தொடர்பு காணவில்லை. ஆகவே, அழுததற்காகவும் சேர்த்து உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

இந்நாட்களில் கரு தங்க உதவுவதற்காகத் தரப்படும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தே மார்பு வலி, வயிற்று உப்புசம், சோர்வு ஆகியவற்றைத் தரக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறை கழிவறைக்குச் செல்லும்போதும் அறிகுறி தேடுவது அச்சத்தை வளர்க்குமே தவிர விடை தராது. இரத்தப் பரிசோதனைதான் விடை சொல்லும். அதுவரை மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

"விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்குக் கணவரே பதில் சொல்லட்டும், குறை யாரிடம் இருந்தாலும் ஊசிகளில் பெரும்பகுதி பெண்ணுக்கே என்பதால், இப்பொறுப்பையாவது அவர் ஏற்பதே நியாயம். வளைகாப்புக்குப் போகாமலிருப்பது பொறாமையாகாது. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி கருத்தரிப்பு மையங்கள் தொழில்முறை ஆலோசனை வழங்க வேண்டும். தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். உறக்கமின்மை நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலோ, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.