அம்மாவை மனநல கிளினிக்குக்குப் போகச் சொல்கிறார்கள், அப்படியானால் வயிற்றுவலி பொய்யா?

ஐ.பி.எஸ். (IBS, எரிச்சலுறு குடல் நோய்) என்று சொன்ன வைத்தியரே மனநல கிளினிக்குக்கும் துண்டு எழுதிக் கொடுத்தார், "எனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மா அழுகிறார் என்கிறீர்கள்.

வலி பொய்யில்லை. குடலுக்கென்று தனி நரம்பு வலை இருக்கிறது. நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. குடலும் மூளையும் வேகஸ் நரம்பு வழியாக ஓயாமல் பேசிக்கொள்கின்றன. ஐ.பி.எஸ். உள்ள பலருக்கு வாயு சற்று நகர்ந்தாலே வலிக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. பயம் வலியைக் கூட்டும், வலி பயத்தைக் கூட்டும். எது முந்தியது என்று தேடுவது வீண்வேலை. கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு இந்த நோய் தொடங்கியவர்களும் உண்டு.

எனக்கும் இதே நோய்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறேன். மலையில் மலசலகூடம் கிடையாது. லயத்துக்கு, அதாவது எங்கள் வீட்டு வரிசைக்கு, ஓடிவிட்டு வந்தால் கொழுந்தின் நிறை குறையும், அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழும். அதனால் வெறும் வயிற்றோடு மலை ஏறுகிறவர்கள் நிறையப் பேர். "இப்போது வந்துவிட்டால்?" என்ற நினைப்பே குடலைப் பிசையும். இந்த நிலையில் இருப்பவரிடம் "யோசிக்காதே, சரியாகிவிடும்" என்று சொல்வதைவிட, கங்காணியிடம் பேசி லயத்துக்குக் கிட்ட கொழுந்தெடுக்கும் நிரை வாங்கிக் கொடுப்பது மேல். எனக்கு அது மருந்துக்குச் சமமாக உதவியது. காலையில் கோதுமை ரொட்டியும் வெங்காயச் சம்பலும் சாப்பிடுவதைக் குறைத்ததும் உதவியது. கோதுமையிலும் வெங்காயத்திலும் உள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து வகை குடலில் புளித்து வாயுவாகிறது.

அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தால், மனச்சோர்வு மருந்தென்று யாரோ சொன்னதைக் கேட்டு வீசிவிட வேண்டாம். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில், பெரும்பாலும் 10 மில்லிகிராமில் தொடங்கி இரவில் கொடுப்பார்கள். குடல் நரம்பின் கூச்சம் தணியும். 2023இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களுக்கு நோய்க்குறிகள் நன்றாகக் குறைந்தன. எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றப் பழக்கும் அறிகை நடத்தைச் சிகிச்சையும் (CBT) பலருக்குப் பலன் தருகிறது. கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். அம்மா வாழ்க்கையே வெறுத்துவிட்டதாகப் பேசினால் தவணை நாள்வரை காத்திருக்காமல் இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணை அழையுங்கள்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இவற்றில் ஏதாவது இருந்தால் ஐ.பி.எஸ். என்று விட்டுவிடாமல் மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

அமிட்ரிப்டிலின் மலத்தை இறுக்கும். அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு அதிகமா, மலச்சிக்கல் அதிகமா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூச்சத்தில் அவர் சொல்லமாட்டார், நீங்கள் கூடப் போங்கள்.