மருத்துவர் பதில்: அழுத்தினால் வரும் கசிவும் தானாக வரும் கசிவும்

கேள்வி: எனக்கு வயது 36. இளைய குழந்தைக்குப் பால் நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதங்களாக இரு மார்புக்காம்புகளிலும் மஞ்சள் நிறப் பொருக்கு படிகிறது. பயத்தில் தினமும் அழுத்திப் பார்க்கிறேன். பால் போன்ற துளிகள் வருகின்றன. கர்ப்பம் இல்லை என்று பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. இது புற்றுநோயாக இருக்குமா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அதற்கான வாய்ப்பு குறைவு. ஆனாலும் நேரில் ஒருமுறை காட்டிவிடுவது அவசியம்.

முதலில் பொருக்கு. காம்பின் தோலிலிருந்து உதிரும் செல்களும், காம்பைச் சுற்றிய கருவளையத்தில் சிறு மேடுகளாகத் தெரியும் சுரப்பிகளின் எண்ணெய்ப் பசையும், பால்குழாய்களில் இயல்பாகவே ஊறும் சிறிதளவு நீரும் சேர்ந்து உலர்ந்தால் இப்படித்தான் படியும். வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றி எடுத்தால் அது இளகி வந்துவிடும். நகத்தால் சுரண்ட வேண்டாம். பொருக்கின் அடியில் தோல் சிவந்து, புண்ணாகி, படைபோல ஒரு பக்கக் காம்பில் மட்டும் ஆறாமல் நின்றால் அது வேறு விஷயம். களிம்பு தடவிக்கொண்டு காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும்.

அடுத்தது துளிகள். குழந்தை பெற்ற பெண்களில் பலருக்கும் அழுத்தினால் ஏதாவது வரத்தான் செய்யும். தினமும் அழுத்துவதோ, பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை மேலும் தூண்டிவிடும்; அதாவது, கசிவு நின்றுவிட்டதா என்று நீங்கள் பார்க்கும் செயலே அதை நிற்கவிடாமல் செய்கிறது. எனவே அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றி எழுதவில்லை. மூளையில் சுரக்கும் டோபமின் புரோலாக்டினைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. அந்த டோபமினைத் தடுக்கும் மருந்துகள் கடிவாளத்தைத் தளர்த்திவிடுகின்றன. வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரப்படும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கான ரிஸ்பெரிடோன் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. டோம்பெரிடோன் பெரும்பாலும் நெஞ்செரிச்சல் மாத்திரைக்குள்ளேயே கலந்து வருவதால், "அல்சர் மாத்திரை மட்டும்தான் டாக்டர்" என்று சொல்பவர்களிடம் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். மனநல மருந்து என்றால் அதைத் தந்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் புரோலாக்டின் கூடும். மாதவிடாய் தள்ளிப்போவது, விடாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை மங்குவது ஆகியவையும் இருந்தால் புரோலாக்டினைச் சுரக்கும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டி உண்டா என்று பார்க்க வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மாத்திரையிலேயே சுருங்கக்கூடியது.

எங்களைக் கவலைகொள்ள வைப்பது வேறு வகைக் கசிவு: அழுத்தாமல் தானாக, ஒரே மார்பில், ஒரே துளை வழியாக, இரத்தமாகவோ தண்ணீர்போலத் தெளிவாகவோ வருவது. அதற்கும் பெரும்பாலும் பால்குழாய்க்குள் வளரும் மருபோன்ற சாதாரணக் கட்டியே காரணம் என்றாலும், ஸ்கேனும் மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துப் பார்க்காமல் அப்படி முடிவுகட்ட முடியாது. மார்பில் கைக்குக் கட்டி தட்டுப்பட்டால் கசிவு எந்த நிறமாக இருந்தாலும் காட்டியாக வேண்டும்.

உங்களுக்குப் புரோலாக்டின், தைராய்டு இரத்தப் பரிசோதனைகள் தேவைப்படும். இரத்தம் கொடுக்கும் நாளில் மார்பை அழுத்தாமல், சற்று நேரம் அமைதியாக உட்கார்ந்திருந்த பிறகு கொடுங்கள். பதற்றத்திலும் புரோலாக்டின் அளவு ஏறும். அதுவரை உள்ளாடைக்குள் வெள்ளைத் துணி ஒன்றை வைத்துக்கொண்டு, தானாகக் கறை படிகிறதா, எந்தப் பக்கம், என்ன நிறம் என்று குறித்து வாருங்கள். அந்தத் துணியையும் மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.