மலையில் எல்க் வேட்டைக்குச் சுமந்துபோக, நடுத்தர விலையில் எந்த ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கலாம்?

கேட்டவர் வரும் அக்டோபரில் முதல் முறையாக அமெரிக்காவின் கொலராடோ மலைக்கு எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகிறார். கையில் 10×42 பைனாகுலர் இருக்கிறது. 800 டாலருக்குள், பையில் பாரம் தெரியாத ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது முக்காலியில் வைத்துத் தொலைவைப் பார்க்கும் சிறிய தொலைநோக்கி வேண்டும் என்கிறார். 60 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் ஒன்றைப் பார்த்தும் வைத்திருக்கிறாராம். அந்த 60-ஐ முதலில் மறந்துவிடுங்கள். அதை நம்பிக் காசைத் தொலைத்தவன் நான்.

கொலராடோவில் பெரும்பாலான பகுதிகளில் கண்ணில் பட்ட ஆண் எல்க்கையெல்லாம் சுட முடியாது. ஒரு பக்கக் கொம்பிலாவது நான்கு கிளைகள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நெற்றியை ஒட்டி முளைக்கும் முதல் கிளை 5 அங்குலமாவது இருக்க வேண்டும். ஆக, ஸ்கோப்புக்கு அங்கே வேலை கிளையை எண்ணுவது. எண்ண வேண்டிய நேரமோ பெரும்பாலும் கருக்கலும் அந்தியும். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிலிருந்து, மறைந்த பின் அரை மணி வரை வேட்டைக்கு அனுமதி. எல்க் மரங்களை விட்டு வெளியே வருவதும் அந்த இரண்டு முனைகளில்தான்.

என் இரண்டாவது வேட்டையில் நடந்தது இது. மாலை, எதிர்ச் சரிவில் ஆஸ்பென் மரங்களுக்கு வெளியே ஓர் ஆண் எல்க் வந்து நின்றது. இடையில் ஒரு மைல் பள்ளத்தாக்கு. சுடும் தூரமே இல்லை. ஆனால் மறுநாள் விடிவதற்குள் இறங்கி ஏறி அந்தச் சரிவுக்குப் போவதா என்பதை அப்போதே முடிவு செய்தாக வேண்டும். நான் 20–60×60 ஸ்கோப்பை (20 முதல் 60 மடங்கு, முன் லென்ஸ் 60 மில்லிமீட்டர்) எடுத்து, வளையத்தைக் கடைசி வரை திருகினேன். தெரிந்தது நடுங்கும் ஒரு பழுப்புக் கறை. கொம்பு எது, பின்னால் இருந்த காய்ந்த கிளை எது என்று புலப்படவில்லை. கூட வந்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். ஒன்றும் சொல்லாமல் தன்னுடைய சின்ன 50 மில்லிமீட்டர் ஸ்கோப்பை என் பக்கம் நகர்த்தினார். அது 22 மடங்கில் நின்றிருந்தது. இடப்பக்கம் மூன்று கிளை, வலப்பக்கம் மூன்று, நெற்றிக் கிளை வெறும் மொட்டு. மறுநாள் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்று மணி நேர நடை மிச்சம்.

காரணம் எளிய வகுத்தல் கணக்குதான். முன் லென்ஸின் விட்டத்தைப் பெருக்க எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 60-ஐ 60 ஆல் வகுத்தால் 1 மில்லிமீட்டர். 50-ஐ 22 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.3. அகலம் இரண்டே கால் மடங்கு என்றால் பிம்பத்தின் வெளிச்சம் ஐந்து மடங்கு. அந்தி நேரத்தில் நம் கண்மணி அகல விரிந்து ஒளிக்கு ஏங்கிக்கொண்டிருக்கும்போது 1 மில்லிமீட்டர் கற்றையை வைத்து என்ன செய்வது? பெருக்கம் கூடக் கூட முக்காலியின் நடுக்கமும் கூடவே பெருகும். நண்பகலில் பார்த்தாலோ, தரையிலிருந்து எழும் கானல் பிம்பத்தை ஓடை நீர்போல நெளிய வைத்துவிடும். 1600 மீட்டரில் நிற்கும் விலங்கு 22 மடங்கில் எழுபது சொச்சம் மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். கொம்பை எண்ண அது போதும்.

எனவே பெட்டியின் மேல் எழுதியிருக்கும் இரண்டு பெருக்க எண்களில் சிறிய எண்ணைப் பாருங்கள். 11, 12, 13 என்று தொடங்கும் ஸ்கோப் நல்லது. விலங்கைத் தேடிப் பிடிப்பதும் எளிது. அடுத்து ஈடி (ED) கண்ணாடி, அதாவது நிறங்கள் பிரிந்து சிதறுவதைக் குறைக்கும் லென்ஸ் கண்ணாடி. இது இல்லாத லென்ஸில் வெளிர்ந்த வானத்துக்கு எதிரே நிற்கும் கொம்பைச் சுற்றி ஊதா விளிம்பு படரும். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால், கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும் முழு வட்டமும் தெரிகிறதா என்று கண்ணாடியோடே பார்த்துச் சோதியுங்கள். நான் போடுகிறேன், இதைப் பார்க்காமல் வாங்கி, சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயர் சொல்லச் சொன்னால், உங்கள் தேவைக்கு வோர்டெக்ஸ் ரேஸர் எச்டி 11–33×50. எடை சுமார் 700 கிராம். நிபந்தனையற்ற ஆயுட்கால உத்தரவாதமும் உண்டு. கைமாறி வாங்கினாலும் அது செல்லும். நிக்கான் ஈடி50 பழைய மாடல்தான், ஆனால் கண்வில்லை (கண்ணை வைத்துப் பார்க்கும் பின்பக்க லென்ஸ்) இல்லாமல் அரைக் கிலோகூட வராது. யாராவது விற்றால் யோசிக்காமல் வாங்குங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் செலஸ்ட்ரான் ஹம்மிங்பேர்ட் 9–27×56. கோவா டிஎஸ்என்-501 வெறும் 400 கிராம் என்று ஆசை காட்டும்; ஆனால் அது 20 மடங்கில்தான் தொடங்குகிறது. அந்தியில் பார்க்க நான் அதை எடுக்க மாட்டேன்.

சாய்வுக் கண்வில்லையா, நேர்க் கண்வில்லையா என்று பலர் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிறார்கள். உட்கார்ந்து நீண்ட நேரம் பார்ப்பவருக்கும், உயரம் வேறுபட்ட இருவர் மாறி மாறிப் பார்ப்பதற்கும் சாய்வு வசதி. கார் ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு நேர். அவ்வளவுதான்.

முக்காலிக்குக் காசு ஒதுக்க மறந்துவிடாதீர்கள். 800-ஐயும் ஸ்கோப்பிலேயே கொட்டிவிட்டு, கல்யாண வீடியோ எடுத்த பழைய முக்காலியில் அதைப் பொருத்துபவர்கள் உண்டு. ஒன்றேகால் கிலோ அளவில் கார்பன் ஃபைபர் முக்காலி ஒன்றை எடுத்து, நடுத்தண்டை உயர்த்தாமல், தரையில் உட்கார்ந்து பாருங்கள். காற்றடித்தால் தண்டின் அடியில் பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். பைனாகுலரையும் அதே முக்காலியில் மாட்ட ஓர் இணைப்பு வாங்கிக்கொண்டால், தேடுவது முழுக்க பைனாகுலரில், எண்ணுவது மட்டும் ஸ்கோப்பில் என்று வேலை பிரிந்துவிடும்.

‘துப்பாக்கியிலேயே ஸ்கோப் இருக்கிறதே, எதற்கு இன்னொன்று’ என்று வீட்டில் கேட்பார்கள். என்னவென்று தெரியாத ஒன்றைப் பார்க்கத் துப்பாக்கியை அதன் பக்கம் நீட்டுவது குற்றத்துக்குச் சமம். அங்கே நிற்பது ஆரஞ்சுச் சட்டை போட்ட இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம்.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே வேட்டை குற்றம். ஆனால் பறவை பார்ப்பவர்களுக்கும் இதே கணக்குதான். பள்ளிக்கரணையின் கானலுக்கு எந்த 60 மடங்கும் தாக்குப்பிடிக்காது.

வாங்கும் நாளில் கடைக்கு மாலையில் போங்கள். விளக்கு வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். இருட்டிக்கொண்டு வரும்போது, தெருக்கோடியில் நிற்கும் காரின் எண் பலகையை எந்த ஸ்கோப் கடைசி வரை படிக்க விடுகிறதோ, அதற்குக் காசு கொடுங்கள்.